சிவப்பு விழவிடாத பன்னிரண்டு பேர்

சுஜானி என்ன வேலை செய்கிறாள் என்று சுவிஸின் ஓல்டன் நகரத்துத் தமிழருக்கு விளங்கப்படுத்துவதற்குள் அவளுடைய தகப்பன் கிளமென்றுக்குப் போதும் போதுமென்றாகிவிடும். கலியாண வீட்டிலும் பூசை முடிந்த தேவாலய வாசலிலும் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார். டொக்டர் என்றால் விளங்கும், வங்கி என்றால் விளங்கும். நோயாளிகள் எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லிக்கொடுக்கிற உணவு ஆலோசகர்கள் இருக்கிறார்களே, அவர்கள் பாவிக்கிற மென்பொருளை ஆராய்ந்து வடிவமைக்கிறவள் என்றால் யாருக்கு விளங்கும்? "அப்ப கொம்பியூட்டர் திருத்துறவவோ?" என்பார்கள். மனிதர் கொஞ்சக் காலம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஓம் ஓம், திருத்துறவதான்" என்று விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "அவையளுக்கு உதுகள் ஒண்டும் தெரியாது பிள்ளை, நீ மனசிலை வைச்சிருக்காதை" என்று மகளுக்கு ஆறுதல் சொல்வார். மகளுக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. மனதில் வைத்திருந்தவர் அவர்தான்.

அவளை அந்த வேலைக்குக் கொண்டுவந்து விட்டது தாய் அன்னமலரின் சீனி வருத்தம், நீரிழிவு. தாய்க்கு டொச் என்கிற ஜெர்மன் மொழி ஓடாது. தகப்பனுக்குச் சாமான் களஞ்சியத்தில் ஒரு கிழமை பகல், ஒரு கிழமை இரவு என்று மாறி மாறி வேலை. ஆகவே பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைதான் தாயைக் கூட்டிக்கொண்டு போய், ஆலோசகருக்கும் தாய்க்கும் நடுவில் குந்தியிருந்து மொழிபெயர்க்கும். பாண் எத்தனை துண்டு, சீஸ் எத்தனை கிராம், உருளைக்கிழங்கு அவித்ததா பொரித்ததா என்று அந்த ஆலோசகர் அம்மா கேட்பா. "சோறும் கறியும் எண்டு சொல்லடி" என்பா தாய். அந்த அம்மாவின் தாளில் சோற்றுக்குப் பெட்டி இருந்தது, புட்டுக்கு இல்லை, இடியப்பத்துக்கு இல்லை. தாய் பேச்சு வாங்கக்கூடாதே என்று பிள்ளை தன்பாட்டில் கொஞ்சம் குறைத்தும் சொல்லிவிடும். ஆக, அந்த அறையில் மூன்று பேரும் நல்லவர்கள், சொல்லப்பட்ட கணக்கு மட்டும் அரைவாசி பொய். அன்னமலர், மகள் படித்து முடிக்கிற ஆண்டு சிறுநீரகம் பழுதாகிப் போய்ச் சேர்ந்தா.

இப்படி ஒரு தாய் இருந்தவள் வேறு என்ன வேலைக்குப் போவாள். பாசல் நகரத்தில் ஒரு சின்னக் கொம்பனி, பதினைந்து இருபது பேர். உணவு ஆலோசகர்களுக்கென்றே மென்பொருள் செய்கிறவர்கள். சுஜானி அங்கே சேர்ந்தாள். முதல் ஓராண்டு அவள் ஒன்றையும் வடிவமைக்கவில்லை. ஆலோசகர்களின் அறை மூலையில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தாள். சும்மா என்றால் சும்மாவா? அவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார்களா திரையைப் பார்க்கிறார்களா, ஒரே எடையை எத்தனை இடத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள், எந்தக் கேள்வியைக் கேட்கும்போது நோயாளி கதிரையில் நெளிகிறார் என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் போல ஒரு பொறுமைசாலியை அந்தக் கொம்பனி கண்டதில்லை என்று அதன் பொறுப்பாளர் ரெட்டோ எல்லாரிடமும் சொல்வான்.

அவள் அதிகம் போயிருந்தது பிறவ் லூத்தி, நம்முடைய பேச்சில் லூத்தி அம்மா, என்ற ஆலோசகரின் அறைக்கு. ஐம்பது தாண்டிய, குரல் உயராத மனிசி. ஓல்டனிலிருந்து ரயிலில் எட்டிப் போகக்கூடிய மருத்துவமனை ஒன்றில் வேலை. அவவிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் உடம்பு வற்றிப்போகிறவர்கள். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், புற்றுநோய்க்காரர், தனியே இருக்கிற கிழடுகள். கொழுத்தவர்களை மெலிய வைப்பதுதான் இவர்களுடைய தொழில் என்று ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது. மெலிகிறவனைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரிய பாடு. ஒரு ஆலோசகரின் தலையில் இவ்வளவு பேர் என்றால் எல்லாரையும் இரண்டு கிழமைக்கு ஒருதரம் கூப்பிட்டுப் பார்க்க முடியாது. "யார் விழப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால் அவரை முதலில் கூப்பிடுவேன். எனக்கு அது ஒன்று போதும்" என்று பிறவ் லூத்தி சொன்னா.

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் சுஜானி அந்தச் செயலியை வடிவமைத்தாள். நோயாளியின் கைபேசியில் ஒவ்வொரு நாளும் பின்னேரம், போதிய அளவு சாப்பிட்டீர்களா என்று ஒரேயொரு கேள்வி வரும். ஓம் என்று அமத்தினால் பச்சை, இல்லை என்று அமத்தினால் சிவப்பு. கிழமைக்கு ஒருக்கால் எடையைப் பதிய வேண்டும். ஆலோசகரின் திரையில் சிவப்புக்காரர் மேலே வந்து நிற்பார்கள், அவர்களுக்கு உடனே நேரம் கொடுபடும். பச்சைக்காரர் கீழே போவார்கள், அவர்களுடைய சந்திப்பைத் தள்ளிப்போடலாம். டொச்சில் நோயாளிகளை வைத்துச் செய்த பரீட்சை நன்றாகவே போனது. சுவிஸ்காரர் சிவப்பை அமத்தப் பஞ்சிப்பட்டதே இல்லை. சூப் ஆறிப்போயிருந்தது என்பதற்கும் சிவப்பு அமத்தினார்கள்.

அந்த வெற்றியோடுதான் அவள் தமிழிலும் செய்வோம் என்று ரெட்டோவிடம் ஒற்றைக் காலில் நின்றாள். அவன் ஓம் என்றான். கேள்வியை எழுதியவள் அவள்தான். முதலில் "இன்று போதிய உணவு உட்கொண்டீர்களா?" என்று எழுதினாள். அதைக் காட்டிய நாலு பேரும், பொலிஸ் விசாரிக்கிற மாதிரிக் கிடக்கு என்றார்கள். பிறகு யோசித்து, "இண்டைக்கு வடிவாச் சாப்பிட்டீங்களோ?" என்று, நன்றாகச் சாப்பிட்டீர்களா என்று வீட்டில் கேட்கிற மாதிரியே மாற்றினாள். வாசித்த எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. இவளுக்கும் உச்சி குளிர்ந்தது. ஐயோ பாவம், அந்தக் கேள்விக்கு நம்முடைய ஆட்கள் என்ன மறுமொழி சொல்வார்கள் என்று ஒரு கணம் நின்று யோசித்திருக்கக்கூடாதா. வீட்டுக்கு வந்தவர் கேட்டாலும், வழியில் கண்டவர் கேட்டாலும், பட்டினி கிடந்தாலும், "ஓம் ஓம், இப்பத்தான் சாப்பிட்டனான்" என்பதல்லவா நமது வழக்கம். அவளும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. மற்றவர்களின் பழக்கவழக்கத்தை மூலையில் இருந்து வருடக்கணக்கில் பார்த்தவளுக்குத் தன்னுடையது கண்ணில் படவில்லை.

அவள் அந்தக் கேள்வியை எழுதிய இலையுதிர் காலத்தில்தான் கிளமென்றின் இரைப்பையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். முதலில் மருந்தேற்றினார்கள், பிறகு இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்தார்கள். சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. ஏழெட்டுக் கிழமை வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வரவேண்டும், அதன்பிறகு இரண்டாம் முறை மருந்தேற்றினால் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் டொக்டர். ஆனால் ஒரு விஷயம். எடை ஐம்பத்தெட்டுக் கிலோவுக்குக் கீழே போகக்கூடாது. போனால் அந்த மருந்தை உடம்பு தாங்காது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த தகப்பன் தலையை ஆட்டினார். மகள் கைபேசியில் ஐம்பத்தெட்டு என்று குறித்துக்கொண்டாள். அவளுடைய உலகம் முழுக்க அப்போது அந்த ஒற்றை எண்ணில் நின்றது.

பாசலுக்கு வந்து தன்னோடு இருக்கும்படி அவள் கெஞ்சினாள். அவர் மசியவில்லை. "உன்ர சின்ன வீட்டிலை நான் வந்து இடைஞ்சல் குடுக்கவோ? எனக்கு இஞ்ச தம்பித்துரை இருக்கிறான்" என்றார். தம்பித்துரை என்பவர் அதே களஞ்சியத்தில் அவரோடு வேலை செய்து ஓய்வுபெற்றவர், இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். இவர் வேதக்காரர், அவர் சைவம். ஒருவர் ஞாயிறு பூசைக்குப் போனால் மற்றவர் வாசலில் நின்று சிகரெட் பிடிப்பார். அப்படியொரு சிநேகிதம்.

தமிழ்ப் பரீட்சைக்குப் பன்னிரண்டு பேர் தேவைப்பட்டார்கள். எல்லாரும் வயதானவர்களாக, வருத்தத்தாலோ தனிமையாலோ உடம்பு வற்றக்கூடியவர்களாக இருக்க வேண்டும். சுஜானி மூன்று நகரத்துக்கு அறிவித்தல் அனுப்பியும் ஒருவரும் வரவில்லை. நம்முடைய ஆட்கள் அகதி விசாரணையில் ஒருதரம் பதில் சொன்னவர்கள், பிறகு எந்தக் கேள்விக்கொத்தைக் கண்டாலும் ஓடுகிறவர்கள். அவள் மனம் உடைந்து இருப்பதைக் கண்ட கிளமென்ற், வெட்டின வயிற்றோடு கட்டிலில் இருந்துகொண்டே போனை எடுத்தார். இரண்டே நாளில் பன்னிரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். முதலாவது பெயர் அவருடையது, இரண்டாவது தம்பித்துரையுடையது. சொந்தத் தகப்பனைச் சேர்ப்பது முறையில்லை என்று சுஜானி தயங்கினாள். அவர் ஏற்கெனவே என்னுடைய நோயாளிதானே, நான்தானே பார்க்கப்போகிறேன் என்று பிறவ் லூத்தி சம்மதித்துவிட்டா.

செயலி ஓடத் தொடங்கியது. முதல் நாள் பன்னிரண்டு பச்சை. இரண்டாம் நாள் பன்னிரண்டு பச்சை. கிழமை முடியப் பார்த்தால் திரை முழுக்கப் பச்சைப் பசேலென்று வயல் மாதிரிக் கிடக்கிறது. ஒருநாள்கூட ஒருவரும் மறந்ததில்லை. ரெட்டோ அதைப் பெரிய திரையில் போட்டு எல்லாருக்கும் காட்டி, "இப்படி ஒழுங்கான குழுவை நான் கண்டதேயில்லை" என்றான். சுஜானிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கிளமென்றின் பெயருக்கு நேரே பச்சை, எடை ஐம்பத்தெட்டு, அடுத்த கிழமையும் ஐம்பத்தெட்டு. ரயிலில் இருந்தபடி அதைத் திறந்து பார்ப்பாள், காலையில் எழும்பியதும் பார்ப்பாள். பார்த்து மூச்சு விடுவாள்.

பிறவ் லூத்திக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "சுஜானி, இது அளவுக்கு மீறி நன்றாக இருக்கிறது. இந்த வயதில், இந்த நோயோடு, இப்படி ஒருவரும் சாப்பிடுவதில்லை" என்றா.

சுஜானிக்குச் சுருக்கென்றது. தன் சனத்தைப் பொய்யர் என்கிறாவே என்று தோன்றியது. "எங்களுடைய ஆட்கள் டொக்டர் சொன்னால் அப்படியே கேட்பார்கள். வீட்டில் சமைக்கிறவர்கள். நீங்கள் கண்ட கிழவர்கள் மாதிரி இல்லை" என்று கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டாள்.

அந்த மனிசி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வெளிநாட்டுச் சனத்தைப் பற்றித் தான் பிழையாக ஏதும் சொல்லிவிட்டேனோ என்று பயந்திருக்கலாம். பச்சைக்காரரின் சந்திப்புகள் வழமைப்படி பின்னுக்குத் தள்ளப்பட்டன. கிளமென்றின் சந்திப்பும் தள்ளப்பட்டது.

ஞாயிறு தவறாமல் அவள் ஓல்டனுக்குப் போனாள். போகாத பிள்ளை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கதவு திறக்கும்போதே மீன் குழம்பு மணக்கும். அவர் மகளுக்காகச் சமைத்து வைத்திருப்பார். பரிமாறிவிட்டு முன்னால் இருப்பார்.

"நீங்கள் சாப்பிடேல்லையோ அப்பா?"

"நான் முதலே சாப்பிட்டன் பிள்ளை. சின்னச் சின்னதா ஆறு தரம் சாப்பிடச் சொல்லியெல்லோ அந்த மனிசி சொன்னது. உன்னோட இருந்து சாப்பிட்டால் கணக்குப் பிழைச்சுப் போகும்."

அது உண்மையில் பிறவ் லூத்தி சொன்ன புத்திதான். இரைப்பை சிறுத்தவர்கள் அப்படித்தான் சாப்பிட வேண்டும். அதனால் சுஜானி நம்பினாள். குளிர்காலம், அவர் தடித்த கம்பளிச் சட்டைக்கு மேலே இன்னொன்று போட்டிருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது ஓரளவு தெரிந்தது. சத்திரசிகிச்சை செய்த மனிதர் அப்படித்தானே இருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மடிக்கணினியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பாள். முன்னால் இருக்கிற மனிதரைப் பார்க்காமல் அவருடைய பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சத்தம் போடாமல் எழும்பிப் போய்க் குளிர்ப்பெட்டியிலிருந்து ஸ்ட்ரோபெரி வாசத்தோடு ஒரு பால் போத்தலைக் கொண்டுவந்து திறந்து வைப்பார். "குடி பிள்ளை, நீதான் மெலிஞ்சுபோனாய்" என்பார். வேலை மும்முரத்தில் அவள் அதை எடுத்துக் குடித்துவிடுவாள்.

ஏழாம் கிழமை மருந்தேற்றுவதற்கு முன்னான பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தாதி அவரைக் கம்பளிச் சட்டைகளைக் கழற்றச் சொன்னா. ஒன்று, இரண்டு, அதற்குள் இன்னொன்று. அந்தக் கடைசிச் சட்டையும் கழன்றபோது சுஜானி சுவரைப் பிடித்துக்கொண்டாள். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தது. தராசு நாற்பத்தொன்பது காட்டியது.

தாதி தராசை ஒருதரம் அணைத்துப் போட்டுப் பார்த்தா. நாற்பத்தொன்பதுதான். டொக்டர் வந்தார், பிறவ் லூத்தியையும் கூப்பிட்டார்கள். இந்த உடம்புக்கு மருந்தேற்ற முடியாது என்றார் டொக்டர். பிறவ் லூத்தி தன் கைபேசியில் அந்தப் பச்சை வரிசையைப் பார்த்தா, கிளமென்றைப் பார்த்தா. அவவுடைய முகம் வெளிறிப் போனது. சாப்பிட்டதும் வயிறு வலித்ததா, தலை சுற்றியதா என்று கேட்டா. சுஜானி மொழிபெயர்த்தாள். அவர் முதலில் தரையைப் பார்த்தார். பிறகு ஓம் என்று தலையாட்டினார். இரண்டு வாய் வைத்தால் வயிறு பிடித்து இழுக்குமாம், வேர்த்துக் கொட்டுமாம், அந்தப் பயத்திலே சாப்பாட்டைக் கண்டாலே அருவருப்பாம். அதற்கு மருந்து இருக்கிறதே, சாப்பிடும் முறையை மாற்றியிருக்கலாமே, ஒரு சொல் சொல்லியிருந்தால் அடுத்த நாளே கூப்பிட்டிருப்பேனே என்று பிறவ் லூத்தி சொன்னா. நான் கொடுத்துவிட்ட அந்தச் சத்துப் பால் போத்தல்களையாவது குடித்தாரா என்று கேட்டா.

"அது வந்து போற ஆக்களுக்குக் குடுத்தனான்" என்றார் கிளமென்ற். "வீட்டுக்கு வாற சனத்துக்கு ஒண்டும் குடுக்காமல் அனுப்பேலுமோ?"

இதைச் சுஜானியால் மொழிபெயர்க்க முடியவில்லை. ஞாயிறுதோறும் தகப்பனின் உயிரை ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சிக் குடித்திருக்கிறேன் என்று எந்த மொழியில் சொல்வாள்.

நடைபாதையில் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் கேட்டாள். "ஏனப்பா ஓம் எண்டு அமத்தினீங்கள்? ஒவ்வொரு கிழமையும் ஐம்பத்தெட்டு எண்டு ஏன் போட்டீங்கள்?"

"அம்பத்தெட்டுக்குக் கீழை போகக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லோ."

"அது உங்கட உடம்பு போகக்கூடாதெண்டப்பா. நம்பர் இல்லை."

"சிவப்பு விழுந்தா உனக்குத்தானே பிள்ளை பிரச்சினை" என்றார். "நீ செய்த சாமான். எத்தினை நாள் கண்முழிச்சுச் செய்தனீ. நான்தான் ஆக்களைச் சேர்த்துத் தந்தனான். எங்கட ஆக்களாலை உனக்கொரு சிவப்பு வந்தால், அந்த வெள்ளையள் உன்னை என்னெண்டு நினைப்பாங்கள்? நானும் தம்பித்துரையும் எல்லாருக்கும் சொல்லி வைச்சனாங்கள். பிள்ளைக்குச் சோதினை நடக்குது, ஒருத்தரும் சிவப்பு விழவிடக்கூடாதெண்டு."

அவள் நாற்காலியைத் தள்ளுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளைக்குச் சோதினை என்றால் வீடே தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கிற சனம் நாங்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் அவளுக்காக அதைத்தான் செய்திருக்கிறார்கள். கேள்வி தங்களைப் பற்றியது என்று ஒருவருக்கும் படவில்லை. அது அவளுக்கு வைத்த கேள்வி, புள்ளி போடுகிறவர்கள் தாங்கள் என்று நினைத்திருக்கிறார்கள். அன்பு இப்படியும் ஒரு மனிதனைக் கொல்லும் என்று யார் கண்டது.

அவரை வார்டில் சேர்த்துக் குழாயால் சத்தேற்றத் தொடங்கினார்கள். அன்றே சுஜானி எல்லாவற்றையும் பிறவ் லூத்தியிடம் சொன்னாள், மற்றப் பதினொரு பேரையும் அந்தக் கிழமையே கூப்பிட்டு நிறுத்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் உடம்பு இறங்கியிருந்தார்கள், நல்லவேளை, அவர்களைப் பிடித்து நிறுத்தக் காலம் இருந்தது. தம்பித்துரை நிறுக்கப்போன அன்று நல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கடைசிச் சோதனை என்று நினைத்திருக்கிறார். பிறகு வார்டு வாசலில் அவளைக் கண்டதும், "ஒருத்தரும் சிவப்பு விழவிடேல்லைப் பிள்ளை. ரெண்டு பேர் மறக்கப் பாத்தவை, நான் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து அமத்த வைச்சனான்" என்றார். அவரைப் பிடித்து உலுப்பவேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுபது வயது மனிதர், மழையில் நனைந்து நின்றார். "தெரியும் மாமா" என்றாள்.

ரெட்டோவிடமும் சொன்னாள். இந்தப் பச்சை முழுக்கப் பொய், கேள்வியை எழுதியவள் நான், பச்சை என்றால் தள்ளிப்போடலாம் என்று வடிவமைத்ததும் நான். அவன் நல்லவன், ஒரு கடும் சொல் சொல்லவில்லை. தமிழ்ச் செயலியை நிறுத்தினான், டொச் செயலியிலும் பச்சையை நம்பிச் சந்திப்பைத் தள்ளுவதை நிறுத்தினான், அவளைத் தகப்பனோடு போய் இருக்கச் சொன்னான். மூன்று ஆண்டு வேலை ஒரு பின்னேரத்தில் மூடப்பட்டது. அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

குழாய் வழியே எடை கொஞ்சம் ஏறியது. ஐம்பது, ஐம்பத்தொன்று. ஒவ்வொரு கிலோவுக்கும் அவள் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். ஐம்பத்திரண்டில் நிற்கும்போது படம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாமல் கடந்த அந்தக் கிழமைகளில் நோய் ஈரலுக்குப் போய்விட்டிருந்தது. இனி எடை ஏறினாலும் ஒன்று, ஏறாவிட்டாலும் ஒன்று என்பதை டொக்டர் மெல்லிய குரலில் சொன்னார். அந்த வசனத்தைத் தகப்பனுக்கு அவள்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. எப்படியோ சொன்னாள்.

அவர் அழவில்லை. யன்னலால் ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரயில் கடந்து போன பிறகு, "அப்ப உன்ர அந்தச் சாமான் என்ன மாதிரி?" என்று கேட்டார்.

"என்ன அப்பா?"

"அதுதான், போனிலை பச்சை விழுறது. என்னாலை அது குழம்பிப் போச்சுதோ?"

அவளுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. உங்களுக்கு உயிர் போகுது, வேலையாம் வேலை, அது நாசமாய்ப் போகட்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தாள். நோயைக் கேட்டபோது இல்லாத பயம் இப்போது அந்த முகத்தில் இருந்தது. மகளுடைய மூன்று ஆண்டைத் தான் பாழாக்கிவிட்டேனோ என்ற பயம்.

"இல்லையப்பா. நல்லாப் போகுது" என்றாள். "கொம்பனியிலை அதை எடுத்துக்கொண்டாங்கள். தமிழ்ப் பரீட்சைதான் முதலாவதா வந்ததாம்."

"மெய்யாவோ?"

"மெய்யாத்தான்."

"அப்ப தம்பித்துரைக்கும் ஒருக்காச் சொல்லிவிடு. அவன் யோசிச்சுக்கொண்டிருப்பான்." மனிதரின் தோள் தளர்ந்தது. தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மகள் கேட்டதற்காக அன்று பின்னேரம் இரண்டு கரண்டி சூப் குடித்தார். அவள் கட்டிலோரத்தில் இருந்து, அந்த மெலிந்த கையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். தம்பித்துரைக்கும் அப்படியே சொன்னாள். சொன்ன பொய்யை ஓரிடத்தில் நிறுத்த முடியுமா.

சித்திரை மாதக் கடைசியில் கிளமென்ற் இறந்தார். ஓல்டனில் பூசை வைத்தார்கள். பாசலிலிருந்து ரெட்டோவும் வந்தான், பிறவ் லூத்தியும் கறுப்பு உடுப்போடு வந்து கடைசி வாங்கில் இருந்தா. பூசை முடிந்ததும் நம்முடைய வழமைப்படி ஒவ்வொருவராக எழும்பிப் பேசினார்கள். தம்பித்துரையின் முறை வந்தது. அவர் போய் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"கிளமென்ற் நிம்மதியாத்தான் போனவன்" என்றார். "பிள்ளை தான் செய்த வேலையிலை வெண்டிட்டுது எண்டு தெரிஞ்சுதான் கண்ணை மூடினவன். தமிழ்ப் பரீட்சைதான் முதலாவதா வந்ததாம். அதுக்கு எங்கட பன்னிரண்டு பேரையும் சேர்த்துத் தந்தவன் அவன். சாப்பிடக்கூட ஏலாமல் கிடந்தும், ஒருநாளும் அவன் சிவப்பு விழவிடேல்லை."

சனம் விசும்பியது. பிறகு எல்லாரும் வரிசையில் வந்தார்கள். பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, சுஜானியின் கையைப் பிடித்தார்கள். அந்தப் பதினொரு பேரும் வந்தார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாழ்த்துக்கள் பிள்ளை" என்றார் ஒருவர். "உன்ர கொப்பருக்கு அது போதும்" என்றார் இன்னொருவர். தம்பித்துரை அவளுடைய தலையில் கை வைத்து, "எங்களுக்கும் பெருமையா இருக்கு" என்றார்.

சுஜானி தகப்பனின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பதினொரு பேருக்கும் கைகொடுத்து, நன்றி சொன்னாள்.